இறங்கி ஏறும் நேரம்

இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கால்மேல் கால் போட்டால் அடங்கும், ஆனால் இந்த ஹாலுக்குள் அப்படி உட்காரக் கூடாது என்று வாசலில் நிற்கிற டவாலி போன தடவையே காதோரம் வந்து சொல்லிவிட்டுப் போனார், அதனால் இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்து, கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்து, முதுகை நிமிர்த்தி, இப்படி, வயிற்றில் எதுவும் படாமல். நிமிர்ந்தால் பாரம் பின்னால் போகும். குனிந்தால் தொலைந்தது. கிரேன் கேபினில் நாள் முழுக்கக் குனிந்துதான் உட்கார வேண்டும், அதை இப்போது நினைக்கக் கூடாது, கடலையும் நினைக்கக் கூடாது, அந்த மூலையில் ஏசியிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டுகிறதே, அதைப் பார்க்கவே கூடாது. முன்வரிசையில் கறுப்பு அங்கிகள். மேடையில் இரண்டு நீதிபதிகள். இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிற வழக்குகள் முடிந்ததும் மூத்தவர் எழுந்து போவார், இளையவர் மட்டும் தனியாக உட்கார்ந்து தீர்ப்புகளை வாசிப்பார், அதில் இரண்டாவது என்னுடையது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. "இப்பம் முடிஞ்சிரும்மா, எந்திரிச்சு எங்கயும் போயிராதிய, இந்த ஜட்ஜு ஆளு இருக்கான்னு பாப்பாரு" என்று என் வக்கீல் பூதலிங்கம் சார் காலையில் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை, பஸ் பயணம் என்றால் அப்படித்தான், வாயைக் கொப்பளித்துத் துப்புவது, அவ்வளவுதான். விடியும் முன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ. ஒரே ஒரு டீ. ஒரு டீ இவ்வளவாகுமா. இந்த மாடியில் பெண்களுக்கானது குழாய் வேலை என்று கதவில் தாள் ஒட்டிக் கிடக்கிறது. இன்னொன்று கீழே, கேண்டீனைத் தாண்டி, பின்கட்டில். போய், வரிசையில் நின்று, திரும்பி வர. அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டால். ஆறு வருஷம் காத்திருந்துவிட்டு அந்த ஒரு நிமிஷத்தில் ஆள் இல்லை என்றால். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

இறங்கி ஏறும் நேரம். துறைமுகத்துக்காரர்கள் பதில் மனுவில் எழுதியிருந்தது அதைத்தான். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற பெரிய கிரேனின் ஓட்டுநர் வேலைக்கு நான் விண்ணப்பித்தேன், ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினேன், தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை, ஏன் என்று கேட்டால் மேலே பெண்களுக்கான ஏற்பாடு இல்லை, கேபினிலிருந்து தரைக்கு இறங்கி ஏறும் நேரத்தில் கப்பல் காத்துக் கிடக்கும், ஆகவே பணியின் தன்மை கருதி. பணியின் தன்மை. ஓமானில் ஒன்பது வருஷம் அந்தப் பணியின் தன்மைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் யார்டில் கன்டெய்னர் எண்ணைச் சரிபார்க்கிற வேலை, பிறகு அங்கேயே பெண்களைக் கிரேனுக்குப் பழக்குகிறோம் என்றார்கள், என் டிப்ளமோவைப் பார்த்து என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மேலே, பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில், காலடியில் தரையே கண்ணாடி. இரண்டு பாதத்துக்கும் நடுவில் கப்பல். கை இரண்டிலும் பிடி, கயிற்றின் முனையில் இரும்புச் சட்டம், அந்தச் சட்டத்தின் நாலு மூலையும் கன்டெய்னரின் நாலு துளைக்குள் உட்கார வேண்டும், காற்று அடிக்கும்போது சட்டம் ஆடும், ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கக் கூடாது, அது போகிற பக்கமே கொஞ்சம் போய் அதைக் கூடப் பிடிக்க வேண்டும். முதல் மாதம் எனக்கு அது வரவில்லை. பக்கத்துக் கிரேன் ஷம்ஸா சிரித்தாள், குழந்தையைத் தொட்டிலில் போட்டதில்லையா நீ என்றாள். இல்லை. எனக்குக் குழந்தை இல்லை. அதைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கு. பிறகு ஒன்பது வருஷம் அவளும் நானும்தான். மேலே முட்டிக்கொண்டு வந்தால் ரேடியோவில் ஆறாம் நம்பர் கிரேனுக்கு மாற்று ஆள் என்று சொன்னால் போதும், மொத்தத் துறைமுகத்துக்கும் கேட்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள், ஆள் ஏறி வருவார், நான் இறங்கிப் போவேன். அவ்வளவு லேசான காரியம். அதற்காக இங்கே ஆறு வருஷம் வக்கீல்கள் எழுந்து நின்று ஆளுக்கொரு வார்த்தை தேடினார்கள். அந்தப் பக்கத்து வரதராஜன் சார் அமெனிட்டீஸ் என்பார். எங்கள் சார் ஃபெசிலிட்டி என்பார். நீதிபதி அந்த ஏற்பாடு என்பார், சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். பெரிய மனிதர்கள். பாவம், அவர்களும்தான் என்ன செய்வார்கள்.

மின்விசிறி சத்தம். யாரோ ஒரு வக்கீல் நில அளவை பற்றி விடாமல் பேசுகிறார், மூத்த நீதிபதி அவர் பேச்சைக் கையால் அமர்த்துகிறார், அவர் அமர மாட்டேன் என்கிறார். முடியுங்கள் ஐயா. வலது பக்கம் அடிவயிற்றில் ஊசி போல ஒன்று. நீர்க்கடுப்பு வரப்போகிறது, நாளைக்குத் தெரியும், நாளை மறுநாள் காய்ச்சல். அம்மா இதற்குச் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் குடிப்பாள். எங்கள் ஊர் தியேட்டரில் பெண்கள் டிக்கெட் கொடுக்கிற கூண்டில் அம்மாவுக்கு வேலை. கை போகிற அளவுக்கு ஒரு துளை, அந்தத் துளையில் வளையல் வளையலாகக் கைகள் வந்து போகும், அம்மா யார் முகத்தையும் பார்த்ததில்லை, கையைப் பார்த்தே யார் என்று சொல்லுவாள். மேட்னிக்கு உள்ளே போனால் ராத்திரி ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வெளியே. தியேட்டரில் பெண்களுக்கு உண்டு, ஆனால் அது டிக்கெட் வாங்கியவர்களுக்கு, உள்ளே. கூண்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய் வந்தால் மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார். அம்மா போக மாட்டாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு. பக்கத்து வீட்டு அக்காக்களிடம் சொல்லுவாள், "எனக்கெல்லாம் இரும்பாக்கும், போனா போன மேனிக்கு இருப்பேன்." அவர்களும் ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள், ஒருத்தி ஜவுளிக் கடையில் நிற்கிறவள், ஒருத்தி டீச்சர், யாருக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று போட்டி போல, சிரித்துச் சிரித்து. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் அந்தப் பெருமை அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். சிஸ்டர்கள் பள்ளியில் எட்டாவது வரை தமிழில் படித்துவிட்டு ஒன்பதில் இங்கிலீஷ் பிரிவுக்கு மாறினேன், அங்கே மிஸ்ஸிடம் எழுந்து நின்று இங்கிலீஷில் அனுமதி கேட்க வேண்டும், முதல் வருஷம் அந்த வாக்கியத்துக்குப் பயந்தே நான் கேட்டதில்லை, சாயந்திரம் வரை தாங்கினேன், தாங்கத் தாங்க அது ஒரு திறமை போல ஆகிவிட்டது. பிறகு அந்த வாக்கியம் நன்றாகவே வந்தது. அப்போதும் கேட்கவில்லை.

அந்தத் திறமையைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். இப்படி யோசித்தால் சரியாக வருகிறது, இதற்கு முன்னால் யோசித்தபோதெல்லாம் பூதலிங்கம் சார்மேல் பழி போட்டு யோசித்தேன், அது சரியாக வரவில்லை. போன மழைக்காலம், சாரின் அறை, மேஜையில் பாதி தின்ற ரஸ்க். "மேரி சலேத்து, ஒரே ஒரு வழிதான் இருக்கு. நமக்கு அந்த ஏற்பாடே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவோம். அவன் கையில இருக்கது அந்த ஒரு பாயிண்டு. அதப் பிடுங்கிட்டம்னா எதப் பிடிச்சுத் தொங்குவான்." போகவே மாட்டேன் என்று எழுதவா சார் என்று கேட்டேன். "போங்க, போவாம இருங்க, அதா இப்பம் கேள்வி? கேக்க மாட்டேன்னு எழுதுங்க. உள்ள ஏறிட்டா பெறவு பாத்துக்கிடலாம்." ஜூனியர் நஸ்ரின் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். அவளே அடித்துக் கொண்டு வந்தாள். இங்கிலீஷில் அந்த வரி வழுவழுவென்று இருந்தது, ஒரு முள் இல்லை. மனதுக்குள் தமிழில் போட்டுப் பார்த்தேன்: மனுதாரர் தனக்கென்று தனி வசதி எதையும் இப்போதும் இனி எப்போதும் கேட்க மாட்டார். தமிழில் முள் தெரிந்தது. இரண்டு பாஷையிலும் படித்தவள், எந்தப் பாஷையிலும் புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. ஆனால் அன்று எனக்குத் தோன்றியது வேறு. நம்மால் முடியாதா என்றுதான் தோன்றியது. அம்மாவுக்கு முடிந்தது, எனக்கு முடியாதா. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். சார் ரஸ்க்கை எடுத்துக்கொண்டார். "ஜெயிச்சாச்சு" என்றார்.

ஜெயிச்சாச்சு. ஜெயித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது, தோற்றால் என்ன ஆகும் என்பது தெரிந்த பயம், அதோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியாயிற்று. வழக்குப் போட்டபோது நாற்பத்திரண்டு. இப்போது இரண்டு அடுக்குக் கண்ணாடி, குனிந்து பார்த்தால் ஒரு உலகம், நிமிர்ந்தால் ஒரு உலகம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு நேராகக் கப்பல் வந்தால். இடது தோள்பட்டை தூக்கும்போது கடகடவென்கிறது. மெடிக்கல் என்று ஒன்று வைப்பார்கள், அதில் கழித்துவிட்டால் அதற்கு ஒரு வழக்கா. ரெமி, என் வீட்டுக்காரர், விசைப்படகு இன்ஜினுக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், வாயைத் திறந்தால் இரண்டு சொல், நேற்று பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டார்: "சலேத்து, ஒனக்கு வேலை வேணுமா, கேஸு வேணுமா, ஒண்ணச் சொல்லு." இரண்டும் ஒன்றுதானே என்றேன். "இல்ல" என்றார், அதற்குள் பஸ் எடுத்துவிட்டது. ராத்திரி முழுக்க ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க அதையே. வேலை வேண்டும். அந்தக் கண்ணாடித் தரை வேண்டும். ஓமானில் கிரேன்களைக் கீழே அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்டுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள், ஷம்ஸாவை யார்டுக்கு அனுப்பினார்கள், என்னை ஊருக்கு அனுப்பினார்கள், எனக்கு மேலே போக இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது சொந்த ஊர்த் துறைமுகம் ஒன்றுதான், இங்கே இன்னும் மனிதர்தான் ஏறுகிறார்கள். இன்னொரு தடவை அந்தச் சட்டம் ஆடுவதைக் கையில் உணர்ந்தால் போதும். அதற்காக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன. என்னுடைய வயிறு, என்னுடைய வரி. அது எனக்கு மட்டும்தான்.

எனக்கு மட்டும்தான் என்று செல்வபிரியாவிடமும் சொன்னேன். இங்கேதான் வந்து இடிக்கிறது, எந்தப் பக்கம் சுற்றினாலும் இங்கேயே. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, அந்தப் பிள்ளை ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கிரேன் பயிற்சி முடித்துவிட்டு இரண்டு வருஷமாகச் செல்போன் கடையில் நிற்கிறாள், அவள் விண்ணப்பத்தைத் துறைமுகத்தில் என் வழக்கு முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதனீர் கொண்டு வந்திருந்தாள். குடித்துக்கொண்டே கேட்டாள், "அக்கா, ஒண்ணு கேப்பேன், கோவிக்கக் கூடாது. நான் மணிக்கு ஒருக்கா போற ஆளு. கல்யாண வீட்டுக்குப் போனா மாப்பிள பொண்ணப் பாக்க முந்தி இவ அதத்தான் தேடுவான்னு எங்கம்மையே கேலி பண்ணுவா. நீங்க எழுதிக் குடுத்திருக்கியள்லா, அது எனக்கும் சேருமா?" அது எனக்கு மட்டுந்தான்ட்டி என்றேன். உடனே சொன்னேன், யோசிக்காமல். அவள் "அப்பச் சரிக்கா" என்று சிரித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். சேரும் என்று எனக்குத் தெரியும். தீர்ப்பில் ஏறிய வரி என்னோடு நிற்காது, நாளைக்கு அவள் போய் நின்றால் துறைமுகத்துக்காரன் எடுத்து நீட்டுவான், உங்களுக்கு முன்னால் வந்த அம்மா கேட்கவில்லையே, இருபத்தைந்து வயசுப் பிள்ளை உங்களுக்கு என்ன. மணிக்கு ஒரு தடவை போகிற பிள்ளை. தண்ணீர் குடிக்காமல் பழகிக்கொள்ளுவாள். பழகிக்கொண்டு, பிறகு அதில் பெருமைப்படுவாள். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லை, இது பெரிய வார்த்தை, எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது இப்போது வேறு, நெற்றியில் வியர்க்கிறது, ஏசிக்கு அடியில் உட்கார்ந்து வியர்க்கிறது.

மேலே ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்று இந்த ஆறு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஓட்டிக் காட்டப் போன அன்று கேபினில், தீயணைப்பு உருளைக்குப் பின்னால், மூடி திருகி ஒரு பாட்டில். பக்கத்தில் இன்னொன்று. என்னோடு ஏறிய ஆபரேட்டர், அந்திரேயா என்று பெயர், அதைக் காலால் உள்ளே தள்ளினார், நான் பார்க்காதது போலக் கடலைப் பார்த்தேன், அவர் நான் பார்க்காதது போல இருப்பதைப் பார்க்காதது போல இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். வெட்கம் அவருக்கா எனக்கா என்று தெரியாமல் இரண்டு பேரும் காற்றின் வேகத்தைப் பற்றிப் பேசினோம். அதை நான் சாரிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல. நாற்காலிகள் நகர்கின்றன. எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். நானும் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால், மெல்ல, பெஞ்சைப் பிடித்து, எழுந்தாயிற்று. மூத்த நீதிபதி போய்விட்டார். இளையவர் உட்கார்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், முதல் தீர்ப்பு, ஒரு பள்ளிக்கூட மானிய வழக்கு, தள்ளுபடி என்ற சொல் மட்டும் காதில் விழுகிறது, ஒருவர் தோள் குனிய வெளியே போகிறார். பிறகு என் வழக்கின் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். பூதலிங்கம் சார் எழுந்து அங்கியைத் தோளில் இழுத்துவிடுகிறார். வரதராஜன் சார் எழுந்திருக்கிறார். நீதிபதி தாளைப் புரட்டிவிட்டு வாசிக்காமல் நிமிர்கிறார். "மனுதாரர் வந்திருக்காங்களா?" நான் கையைத் தூக்குகிறேன், பள்ளிக்கூடம் போல. "வாங்கம்மா, முன்னால வாங்க. வாசிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க மனுவை அனுமதிக்கிறேன், பெண்ணுங்கிறதால வேலை இல்லைன்னு சொல்றது சட்டப்படி நிக்காது, அதுல சந்தேகமில்லை. வசதி எதுவும் கேக்க மாட்டேன்னு நீங்க குடுத்த உறுதிமொழியையும் இதுல பதிவு பண்ணியிருக்கேன். அதுல உறுதியா இருக்கீங்கதானே?" குரலில் கனிவு. நல்ல மனிதர். ஆமாம் என்பதற்கு முன்னாலேயே பேனாவைத் திறந்துவிட்டார். பூதலிங்கம் சார் திரும்பாமலே தலையை ஆட்டுகிறார், ஆமான்னு சொல்லுங்க. ஒரு சொல். சொன்னால் மேலே போகலாம், காலடியில் கப்பல், கையில் அந்த ஆட்டம், பிறகு பார்த்துக்கொள்ளலாம், உள்ளே ஏறிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அம்மா கூண்டுக்குள் போனாள், பிறகு என்று ஒன்று வரவே இல்லை, பிறகு என்பது சீரகத் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி, பயமாக இருக்கிறது, ஆறு வருஷம், ரெமி கேட்டது இதைத்தானா, அந்தப் பிள்ளை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது, இப்போது நான் ஆமாம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தால்கூட

"இல்லீங்க ஐயா." யார் சொன்னது. நான்தான். நீதிபதி பேனாவை நிறுத்துகிறார். "என்னம்மா?" சொல்லத்தான் வேண்டும் இனி. "முடியும்னு நெனச்சு எழுதிக் குடுத்துட்டேங்கய்யா. முடியல. காலைல இருந்து இங்கதான் இருக்கேன், கூப்பிட்டுருவீங்களோன்னு எந்திரிக்கல, இப்பமே நிக்க முடியல. மேல உக்காந்து எப்படி முடியும். எனக்குப் பொறவு வார பிள்ளையளுக்கும் முடியாது. எனக்குக் கக்கூஸ் வேணும்யா." முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் அடங்குகிறது. பூதலிங்கம் சார் இப்போதுதான் முழுதாகத் திரும்பி என்னைப் பார்க்கிறார், பெற்ற மகள் ஓடிப்போன வீட்டு வாசலில் நிற்பவர் போல. வரதராஜன் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது, "அப்படின்னா மை லார்ட், இந்த மனுவோட அடிப்படையே போயிடுது, இதைத்தான் நாங்க முதல்ல இருந்து" என்று தொடங்குகிறார். நான் விடவில்லை, விட்டால் இன்னொரு தடவை வாய் வராது. "ஆம்பிளையளுக்கும் மேல இல்லைங்கய்யா. பாட்டில்ல போறாவ. நான் பார்த்தேன். சுகர் இருக்கவங்களும் இருக்காவ." இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி இந்த முறை ஜன்னலைப் பார்க்காமல் வரதராஜன் சாரைப் பார்க்கிறார். "மிஸ்டர் வரதராஜன், உங்க ஆபரேட்டர்கள் எங்க போறாங்க?" வரதராஜன் சார் பின்னால் திரும்பித் துறைமுகத்து அதிகாரியைப் பார்க்கிறார். அதிகாரி போனைப் பார்க்கிறார். ஏசி சொட்டுகிறது. நீதிபதி தாள்களை ஒன்றாகத் தட்டி ஓரமாக வைக்கிறார். "இதை இன்னிக்கு வாசிக்கல. நான் கேட்டதுக்குப் பதில் வேணும், எழுத்துல. வழக்கை மறுபடி கேக்கறேன். பூதலிங்கம், உங்க கட்சிக்காரர் இப்ப சொன்னது உங்களுக்குப் பாதகமாவும் போகலாம், புரியுதில்லையா?" சார் குனிந்து புரிகிறது என்கிறார். ஆக, கைக்கு வந்தது போயிற்று. இன்றைக்கு இல்லை. எப்போது என்று தெரியாது, கிடைக்குமா என்றும் தெரியாது. நான் அப்படியே நிற்கிறேன். "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்கிறார் நீதிபதி, பேனாவை மூடிக்கொண்டே.

படி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஓடக் கூடாது, ஓடினால் தொலைந்தது. கேண்டீன். எண்ணெய் வாசனை. வெயில். பின்கட்டில் வரிசை இல்லை, ஆனால் ஒன்றுதான் வேலை செய்கிறது, கொண்டி பாதிதான் விழுகிறது, பரவாயில்லை, எல்லாம் பரவாயில்லை. உட்கார்ந்ததும் முதலில் வரவே இல்லை, அவ்வளவு நேரம் பூட்டியது திறக்கத் தெரியாமல் கிடக்கிறது, பிறகு வருகிறது, எரிந்துகொண்டு. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அழுகை இல்லை, எரிச்சல். கண்ணாடித் தரை போய்விட்டது என்று சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் வலிக்கவில்லை, ராத்திரி பஸ்ஸில் வலிக்கும். ரெமிக்கு என்ன சொல்ல, ஒன்றைச் சொல் என்றீர்களே, சொல்லிவிட்டேன் என்றா. தோள் தளர்கிறது, கழுத்து தளர்கிறது, இவ்வளவு தளர்ச்சி உடம்புக்குள் எங்கே இருந்தது. யாரோ கதவருகில் வந்து நிற்கிற நிழல், நஸ்ரின் குரல். "மேடம், உள்ள நீங்கதானே?" ஆமா. "சார் கேக்கச் சொன்னாங்க. பதற்றத்துல தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு அஃபிடவிட் போட்டா, சாப்பாட்டுக்கு அப்புறம் ஜட்ஜ்கிட்ட சொல்லி, இன்னைக்கே வாசிக்க வச்சிரலாமாம். நான் அடிச்சே கொண்டு வந்துட்டேன். கையெழுத்துதான்." குழாயைத் திறக்கிறேன். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம், கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கையெழுத்து, மறுபடி ஒரு வரி, இப்போது வயிறு காலி, இப்போது என்னால் முடியும் என்றுகூடத் தோன்றுகிறது, இதுதான், இப்படித்தான் தோன்றும். "போடலன்னு சொல்லும்மா." "ரொம்பக் கோவமா இருக்காங்க மேடம்." "இருக்கட்டும்." நிழல் போகவில்லை. "இன்னும் என்னம்மா? போய்ச் சொல்லேன்." "சொல்லுறேன் மேடம்" என்கிறாள், குரலைத் தாழ்த்தி, "நீங்க வந்தீங்கன்னா நான் போயிட்டுப் போய்ச் சொல்லிருவேன். காலைல வீட்டுல போனது." சேலையைச் சரிசெய்துகொண்டு கொண்டியைத் தூக்குகிறேன். இரண்டு கையாலும் தாள்களை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, முழங்கால் ஒட்டி, நேராக நிமிர்ந்து நிற்கிறாள். "கொண்டி முழுசா விழாது, நான் வெளிய நிக்கேன்" என்று அவள் கையிலிருந்து தாள்களை வாங்கிக்கொள்கிறேன்.